லைனை யாரிடம் கொடுப்பது? பனியன் கம்பெனிக்கு சூப்பர்வைசர் உருவாக்க நான்கு வழிகள்

நூறிலிருந்து ஐந்நூறு பேர் வரை வேலை செய்யும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில், முதலாளியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத டெய்லர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குக் கம்பெனி என்றால் லைன் சூப்பர்வைசர்தான், அதாவது அவர்கள் உட்காரும் தையல் வரிசையைப் பார்த்துக்கொள்பவர். லீவு கேட்பது அவரிடம். மிஷின் மாற்றிக் கேட்பது அவரிடம். சனிக்கிழமை சம்பளத்தில் ஏதாவது குறைந்தால் முதலில் முறையிடுவதும் அவரிடம்தான். தலைமைப் பண்பை வளர்ப்பது பற்றிய பேச்சும் செலவும் மேல்மட்ட மேனேஜர்களைச் சுற்றியே நடக்கின்றன. ஆனால் பீஸ் நேரத்துக்கு வெளியே வருமா வராதா என்பது இந்த ஒரு ஆளைப் பொறுத்தது.

எவ்வளவு பொறுத்தது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்கு நிர்ணயித்த தையல் நேரம், அதாவது எஸ்.ஏ.எம்., 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 20 டெய்லர், 8 மணி நேரம் என்றால் கையில் 9,600 நிமிடம் இருக்கிறது. லைன் 50 சதவீதத் திறனில் ஓடினால் 800 பீஸ் வரும், அதாவது மணிக்கு 100. திறன் 40 சதவீதத்துக்கு இறங்கினால் 640. மிஷினும் ஆளும் கரண்ட் பில்லும் மாறவில்லை. ஆனாலும் நாளுக்கு 160 பீஸ் குறைகிறது. 26 வேலை நாளில் 4,160 பீஸ். ஷிப்மெண்ட் தேதி தவறிக் கப்பலுக்குப் பதில் விமானத்தில் சரக்கு அனுப்ப நேர்ந்தால் அந்த ஆர்டரின் லாபமே போய்விடும். அந்தப் பத்து சதவீதத்தில் பெரும்பங்கு சூப்பர்வைசர் கையில் இருக்கிறது: வேலை தேங்கும் இடத்தை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார், புது ஆளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார், எத்தனை பேர் மறுநாள் வேலைக்கு வர மனசு வைக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் வேண்டும் என்ற நிலை வந்தால் நடைமுறையில் நான்கு வழி. இருக்கும் நல்ல டெய்லரை மேலே தூக்குவது, வெளியிலிருந்து அனுபவசாலியை எடுப்பது, ஆடைத் தயாரிப்பு டிப்ளமோ முடித்த இளைஞரை எடுத்துப் பழக்குவது, அல்லது இப்போது இருக்கும் சூப்பர்வைசர்களையே பயிற்சி வகுப்புக்கு அனுப்பி மேம்படுத்துவது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான கம்பெனிகளுக்கு முதல் வழியே நல்லது, ஆனால் இப்போது நடக்கிற விதத்தில் அல்ல. மூன்று மாதம் உதவி சூப்பர்வைசராக வைத்து, திட்டமிட்டு வளர்க்க வேண்டும். அதற்குப் பணம் குறைவாகவும் புரொடக்‌ஷன் மேனேஜரின் நேரம் அதிகமாகவும் ஆகும். அந்த நேரத்தை ஒதுக்க முடியாத கம்பெனி எந்த வழியில் போனாலும் ஆறு மாதத்தில் மறுபடியும் ஆள் தேடிக்கொண்டிருக்கும்.

நல்ல டெய்லரை மேலே தூக்குவது

வழக்கமாக இப்படித்தான் நடக்கிறது. சூப்பர்வைசர் திடீரென்று நின்றுவிடுகிறார். திங்கட்கிழமை காலை, லைனில் வேகமான ஓவர்லாக் (ஓரம் சேர்த்துத் தைக்கும் மிஷின்) டெய்லரைக் கூப்பிட்டு "இன்னையிலிருந்து நீ பாத்துக்க" என்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு நஷ்டம். லைனின் வேகமான கை மிஷினை விட்டு எழுந்துவிட்டது. சொல்லிக்கொடுக்கவும் சமாளிக்கவும் யாரும் பழக்காத ஒருவர் இருபது பேருக்கு நடுவே நிற்கிறார்.

வேகமாகத் தைப்பதும் மற்றவரைத் தைக்க வைப்பதும் வேறு வேறு திறமை. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை வைத்து ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ மூவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் விற்றவர்களுக்கே மேனேஜர் பதவி கிடைப்பதும், அப்படி வந்தவர்களின் கீழ் இருப்பவர்களின் விற்பனை ஒப்பீட்டளவில் சரிவதும் தெரியவந்தது. கூட்டாக வேலை செய்து பழகியவர்கள் மேனேஜர்களாக நன்றாகச் செய்தார்கள். நம் லைனுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். மணிக்கு அதிக பீஸ் போடுபவரைத் தேடுவதை விட, பக்கத்து மிஷின்காரர் நூல் அறுந்து திணறும்போது எழுந்து போய்ப் பார்க்கிற ஆளைத் தேடுவது நல்லது.

இதை விடப் பெரிய தடை சம்பளத்தில் இருக்கிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் நல்ல டெய்லர், சீசனில் ஒன்றரை ஷிஃப்ட் போட்டால் அவர் வாரச் சம்பளம் மாதக் கணக்கில் சூப்பர்வைசரின் சம்பளத்தைத் தாண்டிவிடும். அவருக்குப் பதவி உயர்வு என்பது வருமானக் குறைப்பு. இதைக் கணக்கில் எடுக்காமல் கேட்டால், திறமையானவர்கள் "நமக்கு எதுக்குங்க அந்தத் தலைவலி" என்று ஒதுங்கிவிடுவார்கள். வேகம் குறைந்தவர்கள்தான் முன்வருவார்கள். பிறகு "உள்ளே ஆளே இல்லை" என்று முடிவு கட்டுகிறோம். இதற்கு நேரான தீர்வு ஒன்று உண்டு: கடைசி 13 வாரச் சம்பளத்தின் சராசரியை எடுத்து, பயிற்சி மூன்று மாதமும் அதற்குக் குறையாமல் தருவது. அதற்கு மேல் சிறு பொறுப்புப் படியும் சேர்க்க வேண்டும். பதவி உறுதியான பிறகு மாதச் சம்பளமும், லைனின் திறனோடும் ஆல்டர் (தப்பாகி மறுபடி சரிசெய்யத் திரும்பும் பீஸ்) அளவோடும் சேர்த்துக் கணக்கிடும் ஊக்கத்தொகையும். உற்பத்தியை மட்டும் வைத்து ஊக்கத்தொகை கொடுத்தால், சூப்பர்வைசர் தப்புப் பீஸையும் கடைசி மேசை வரை தள்ளிவிடப் பழகிக்கொள்வார்.

மூன்றாவது விஷயம், யாரைப் பார்க்கிறோம் என்பது. தைப்பவர்களில் பெண்கள் அதிகம் இருக்கும் தளங்களிலும் சூப்பர்வைசர் என்றால் ஆண் என்றே கண் பழகியிருக்கிறது. வங்கதேசத்தின் ஆடை ஆலைகளில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். பெண் டெய்லர்களையும் ஆண் டெய்லர்களையும் ஒரே மாதிரி பயிற்றுவித்து லைனில் சூப்பர்வைசராக நிறுத்தியபோது, பெண்களுக்குக் கீழே வேலை செய்தவர்கள் முதலில் அவர்களைக் குறைவாக மதிப்பிட்டார்கள். சில மாதங்களில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, முதல் ஒரு மாதத்தை வைத்து யாரையும் எடைபோடக்கூடாது என்பது. குறிப்பாகப் பெண் சூப்பர்வைசர் விஷயத்தில் முதல் மாதத்து முணுமுணுப்பைக் கேட்டு முடிவெடுத்தால் தவறான முடிவே வரும்.

வெளியிலிருந்து அனுபவசாலி

நாளைக்கே லைன் ஓட வேண்டும் என்றால் இதுதான் வேகமான வழி. ஆனால் சில ஆபத்துகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய ஆபத்து, "ஆளோடு வருகிறேன்" என்று வருபவர். பத்துப் பன்னிரண்டு டெய்லர்களைக் கூட்டிக்கொண்டு வந்து லைனை ஒரே வாரத்தில் நிரப்பிவிடுவார். ஆள் பஞ்சம் உள்ள நேரத்தில் இது வரம் போலத் தெரியும். தீபாவளிக்குப் பிறகு அவர் வேறு இடம் போனால் பன்னிரண்டு பேரும் கூடவே போவார்கள். அவர்களின் விசுவாசம் அவருக்குத்தான். நம் பழைய டெய்லர்களுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவே வேலைப் பங்கீட்டில் சண்டை வருவது தனி. அப்படி வருபவரை எடுத்தே ஆக வேண்டுமானால், கூட வருபவர்களை ஒரே லைனில் வைக்காமல் இரண்டு மூன்று லைனாகப் பிரித்து வையுங்கள். சம்பளத்தையும் அவர் கையில் கொடுக்காமல் ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் நேரடியாகப் போடுங்கள். இதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

நேர்முகத் தேர்வில் "எத்தனை வருஷ அனுபவம்" என்ற கேள்வியில் ஒன்றும் தெரியாது. ஒரு சாம்பிள் பீஸைக் கையில் கொடுத்து, தையல் வரிசையை எழுதச் சொல்லுங்கள்: எந்த வேலைக்கு எந்த மிஷின், எத்தனை ஆள், எங்கே தேங்கும். அரைமணி நேரத்தில் எழுதிவிடுவார் என்றால் தொழில் தெரியும். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் லைனில் இரண்டு மணி நேரம் நிற்க வையுங்கள். என்ன பார்த்தார் என்று கேளுங்கள். "ஆளுங்க ஸ்லோவா இருக்காங்க" என்பவர் ஒரு வகை. "கை வைக்கிற இடத்துல பண்டல் எட்டாத தூரத்துல இருக்கு, அந்தம்மா ஒவ்வொரு பீஸுக்கும் திரும்பி எடுக்குறாங்க" என்பவர் இன்னொரு வகை. இரண்டாமவரை விடாதீர்கள்.

எப்போது இந்த வழி உண்மையிலேயே பொருந்தும்? டி-ஷர்ட் மட்டும் தைத்த கம்பெனி பிளாக்கெட் (பட்டன் பட்டி) வைத்த போலோவுக்கோ ஜாக்கெட்டுக்கோ மாறும்போது. உள்ளே அந்த வேலை தெரிந்தவரே இல்லாதபோது. புது யூனிட் திறக்கும்போது. இன்னொன்றும் உண்டு: பழைய சூப்பர்வைசர்கள் எல்லோருமே கத்துவதைத்தான் மேற்பார்வை என்று பழகியிருந்தால், அவர்களுக்குக் கீழே யாரை வைத்து வளர்த்தாலும் அதையேதான் கற்றுக்கொள்வார். அங்கே ஒன்றிரண்டு வெளி ஆட்கள் தேவை.

டிப்ளமோ இளைஞர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணக்கு, தையல் வரிசைப் பிரிப்பு, லைன் பேலன்சிங் (எங்கும் தேங்காதபடி வேலையைப் பங்கிடுவது), கம்ப்யூட்டர் ரிப்போர்ட் எல்லாம் இவர்களுக்குச் சுலபம். நாற்பது வயது டெய்லர் அக்காவிடம் "இது இப்படி வராது" என்று சொல்லும் துணிவும் உரிமையும் மட்டும் இருக்காது. தைக்கத் தெரியாதவரைத் தையல்காரர்கள் மதிப்பதில்லை, அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. எடுத்த உடனே லைனில் நிறுத்தாமல் எட்டு வாரம் மிஷினில் உட்கார வையுங்கள். ஓவர்லாக்கில் மூன்று வாரம், பேட்லாக்கில் (மடிப்புத் தைக்கும் மிஷின்) மூன்று, சிங்கரில் (ஒற்றை ஊசி மிஷின்) இரண்டு. நல்ல வேகம் தேவையில்லை. ஒவ்வொரு வேலையும் எதனால் கஷ்டம் என்று விரலுக்குத் தெரிந்தால் போதும். இதைச் செய்யாமல் நிறுத்தப்படும் இளைஞர்கள் பலர் சில மாதத்திலேயே ஆர்டர்களைக் கையாளும் மெர்ச்சண்டைசிங் பக்கம் தாவிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் புரொடக்‌ஷன் மேனேஜராக வரக்கூடிய ஆள் வேண்டும் என்றால் இது நல்ல வழி. அடுத்த மாதம் ஒரு லைன் ஓட வேண்டும் என்றால் பொருந்தாது.

பயிற்சி வகுப்பு

ஓட்டலில் இரண்டு நாள், மதியம் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ. திங்கட்கிழமை காலை லைனில் பழைய டார்கெட், பழைய கூச்சல், மேலே பழைய மேனேஜர். கற்றதைச் செய்து பார்க்க ஒரு மணி நேரம்கூட யாரும் கொடுக்கவில்லை. பத்து நாளில் மறந்துபோகிறது. இதில் பயிற்சி கொடுத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பில் ஒரு தடவை கேட்பது பழக்கமாக மாற வாய்ப்பே இல்லாதபடி ஏற்பாடு இருக்கிறது.

வேலை செய்யும் ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்கு எண்பது வருடத்துக்கு முந்தைய முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் அனுபவமுள்ள ஆட்கள் ராணுவத்துக்குப் போய்விட, புதியவர்களை வைத்து உற்பத்தியைக் கூட்ட வேண்டிய நெருக்கடி. அப்போது உருவானது டி.டபிள்யூ.ஐ. என்ற சூப்பர்வைசர் பயிற்சித் திட்டம். 1940 முதல் 1945 வரை 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் அது நடந்தது. ஒரு குழுவில் பத்துப் பேர், இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வு, மொத்தம் பத்து மணி நேரம். ஒவ்வொருவரும் தன் தளத்தில் உள்ள ஒரு நிஜ வேலையையோ நிஜப் பிரச்சினையையோ கொண்டுவந்து செய்து காட்ட வேண்டும். போருக்குப் பிறகு ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது. டொயோட்டாவில் வேலை சொல்லிக்கொடுக்கும் முறைக்கு அதுவே அடித்தளம்.

வெளிப் பயிற்சி வாங்கும்போது கேட்க வேண்டியது இதையொட்டித்தான். தொடர்ந்து இரண்டு நாளாக இல்லாமல் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகப் பிரித்துத் தருவார்களா? நடுவில் எங்கள் தளத்துக்கு வந்து பார்ப்பார்களா? தமிழில் நடத்துவார்களா? புரொடக்‌ஷன் மேனேஜரும் கூட உட்கார வேண்டும் என்று அவர்களே நிபந்தனை போடுகிறார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்பவரிடம் போங்கள்.

யாரை அனுப்புவது என்பதிலும் ஒரு எச்சரிக்கை. பெங்களூரில் உள்ள ஒரு பெரிய ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் லைன் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுத்து அளந்தபோது, பயிற்சி பெற்றவர்களின் லைன்களில் உற்பத்தித் திறன் கூடியது. ஆனால் மேனேஜர்கள் "இவருக்கு முதலில் கொடுங்கள்" என்று பட்டியலின் மேலே வைத்தவர்களை விட, கீழே வைத்தவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம். விட்டுப்போய்விடுவாரோ என்று பயப்படும் ஆளை மேனேஜர்கள் மேலே வைப்பார்கள். யாருக்கு அதிகம் பயன்படும் என்பது வேறு கேள்வி. எல்லா சூப்பர்வைசரையும் மாறி மாறி அனுப்புவது பாதுகாப்பான வழி.

உள்ளே வளர்ப்பதைச் சரியாகச் செய்வது: பன்னிரண்டு வாரம்

முதலில் தேர்வு. மூன்று நான்கு பேரைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு புது ஹெல்ப்பரைக் கொடுத்து ஒரு சின்ன வேலையைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். பிடுங்கி வாங்கித் தானே செய்து காட்டுகிறாரா, அல்லது அந்தப் பெண்ணின் கையில் பீஸைக் கொடுத்துக் காத்திருக்கிறாரா? தப்பு வரும்போது முகம் எப்படி மாறுகிறது? கெட்ட வார்த்தை, கை ஓங்குவது, பெண்களிடம் இரட்டை அர்த்தப் பேச்சு, இதில் எது இருந்தாலும் எவ்வளவு திறமை இருந்தாலும் பெயரை அடித்துவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். ஆலைகளில் பெண்கள் மீதான தொல்லையைத் தடுக்க 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் சூப்பர்வைசரின் நடத்தையை வெளிநாட்டு பையர்களும் உற்றுக் கவனிக்கிறார்கள். ஆனால் சட்டமும் பையரும் இல்லாவிட்டாலும் இந்த விதி அப்படியே நிற்க வேண்டும். காலையில் பயத்தோடு மிஷினில் உட்காருபவரிடமிருந்து நல்ல தையல் வராது.

முதல் நான்கு வாரம், சொல்லிக்கொடுக்கும் திறன் மட்டும். ஒரு வேலையை முக்கியப் படிகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு படியிலும் கவனிக்க வேண்டிய புள்ளி எது, அது ஏன் என்று எழுதுவது. கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும், இழுபடும் பட்டி) வைப்பதையே எடுத்துக்கொள்வோம். ரிப்பையும் பாடியின் கழுத்தையும் நான்காக மடித்துக் குறி வைப்பது முதல் படி. குறி தப்பினால் ரிப் ஒரு பக்கம் குவியும். ரிப்பை மேலே வைத்து ஓட்டுவது அடுத்தது. குறியிலிருந்து குறி வரை ரிப்பை மட்டும் ஒரே சீராக இழுப்பது மூன்றாவது, உயிர்நாடியும் அதுதான். பாடித் துணியும் சேர்ந்து இழுபட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும், அயர்ன் போட்டாலும் படியாது. "அக்கா, ரிப்பை மட்டும் இழுங்க, பாடி தானா வரட்டும்" என்ற ஒரு வாக்கியம், "கழுத்து சரியா வரல பாருங்க" என்ற நூறு திட்டுக்குச் சமம்.

சொல்லிக்கொடுக்கும் முறைக்கு நான்கு கட்டம். ஆளைப் பதற்றமில்லாமல் உட்கார வைத்து ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. மெதுவாகச் செய்து காட்டிச் சொல்வது, காரணத்தோடு. அவரைச் செய்ய வைத்து, செய்துகொண்டே ஏன் என்று அவர் வாயால் சொல்ல வைப்பது. பிறகு தனியே விட்டு, முதல் நாள் மணிக்கு ஒருமுறை, மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பார்வையைக் குறைப்பது. மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் புரியவில்லை என்று சொல்லமாட்டார்கள்.

ஐந்திலிருந்து எட்டாவது வாரம் வரை மணிக்கணக்குப் பலகை, அதாவது ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பீஸ் வந்தது என்று எழுதும் பலகை. இங்கேதான் உதவி சூப்பர்வைசரின் கண் திறக்கிறது. டார்கெட் மணிக்கு 100. ஒன்பதிலிருந்து பத்துக்கு 97 வந்தது. பத்திலிருந்து பதினொன்றுக்கு 64. பழக்கமில்லாதவர் லைனின் தலைப்பிலிருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று தொடங்குவார். பழகியவர் கடைசி மேசையிலிருந்து பின்னோக்கி நடப்பார். பாட்டம் மடிப்பில் டெய்லர் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார், பீஸ் இல்லை. சைடு ஓவர்லாக்கிலும் காத்திருக்கிறார்கள். கழுத்து ரிப் மேசைக்குப் பக்கத்தில் நாற்பது பாடி குவிந்து கிடக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் வேலைக்கு வந்து இரண்டாவது நாள். அவர் தைத்ததில் பாதி ஆல்டராகித் திரும்ப வந்திருக்கிறது, அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். இப்போது செய்ய வேண்டியது: பிரிக்கும் வேலையை ஹெல்ப்பருக்கு மாற்றுவது, கை கட்டி இருப்பவர்களில் ரிப் தெரிந்தவரை அரைமணி நேரம் அங்கே உட்கார வைப்பது, அதற்குள் புது ஆளுக்குக் குறி வைப்பதை மறுபடி காட்டுவது. இந்த மூன்றும் பத்து நிமிடத்துக்குள் தொடங்கிவிட்டால் பன்னிரண்டு மணிக்குப் பலகை மறுபடி ஏறும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, உதவி சூப்பர்வைசர் தானே ரிப் மிஷினில் உட்கார்ந்துவிடுவது. பழைய டெய்லர் அல்லவா, கை துறுதுறுக்கும். அந்த மணி நேரம் அந்த மேசை நன்றாக ஓடும். லைன் முழுவதும் பார்க்க ஆளில்லாமல் போகும். இருபது நிமிடத்துக்கு மேல் மிஷினில் உட்காரக்கூடாது என்று எழுத்திலேயே விதி வையுங்கள்.

கடைசி நான்கு வாரம் மனிதர்கள். அடிக்கடி லீவு போடும் டெய்லர், பக்கத்து மிஷினோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், ஆர்டர் மாறும்போது முகம் சுளிப்பவர். இதற்கும் ஒரு வரிசை உண்டு: விஷயம் முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது, என்னென்ன செய்யலாம் என்று எடைபோடுவது, செய்வது, செய்த பிறகு பலன் என்ன என்று திரும்பிப் பார்ப்பது. முதல் படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் பாதித் தகராறு வருகிறது. திங்கட்கிழமைதோறும் வராதவரைத் திட்டும் முன் தனியே கூப்பிட்டுக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் திரும்பும் பஸ் மறுநாள் காலை எட்டேகாலுக்குத்தான் வந்து சேர்கிறது என்று தெரியலாம். இது தீர்க்கக்கூடிய பிரச்சினை.

இந்தப் பன்னிரண்டு வாரமும் புரொடக்‌ஷன் மேனேஜர் தினமும் 20 நிமிடம் அந்த லைனில், உதவி சூப்பர்வைசரோடு நிற்க வேண்டும். 72 வேலை நாளுக்கு 24 மணி நேரம், அதாவது மூன்று வேலை நாள். கேட்க வேண்டியவை நான்கு கேள்விதான்: இன்று எங்கே தேங்கியது, ஏன், என்ன செய்தாய், நாளைக்கு என்ன மாற்றுவாய். பதிலைத் தானே சொல்லிவிடக்கூடாது. டெய்லர்கள் எதிரே அவர் முடிவைத் திருப்பிப் போடுவது அதைவிட மோசம். ஒருமுறை அப்படி நடந்தால் போதும், மறுநாளிலிருந்து டெய்லர்கள் நேரே மேனேஜரிடம் போய்விடுவார்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் உள்ள லைன்

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் பாதிக்கு மேல் இருக்கும் லைன்களில் மேற்சொன்னதெல்லாம் மொழியில் இடிக்கும். அவர்களில் ஒருவரையே சூப்பர்வைசராக்குவது சுலபமாகத் தெரியும். ஆனால் அவர் ஊர்க்காரர்களுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்ற பேச்சு எழும், உண்மையோ பொய்யோ. ஹாஸ்டல் தகராறும் லைனுக்கு வரும். தமிழ் சூப்பர்வைசர், ஒடியாவோ இந்தியோ பேசும் உதவி சூப்பர்வைசர் என்று ஜோடியாக வைத்து, பக்கத்து லைனில் அதைத் தலைகீழாக வைப்பது நன்றாக வேலை செய்கிறது. சொல்லிக்கொடுக்கும் தாள்களில் எழுத்தைக் குறைத்து, சரியான பீஸும் தப்புப் பீஸும் பக்கத்தில் பக்கத்தில் தைத்து மேசையில் மாட்டிவிட்டால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

எதை வைத்து முடிவு செய்வது

உற்பத்தி எண்ணிக்கையை மட்டும் வைத்து சூப்பர்வைசரை அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். இந்த வாரம் எளிய டி-ஷர்ட், அடுத்த வாரம் ஹூட் வைத்த பீஸ் என்றால் எண்ணிக்கை தானாகக் குறையும். எஸ்.ஏ.எம். கணக்கில் திறனாக மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். அதோடு சேர்த்து இவற்றைப் பாருங்கள்: நூறு பீஸுக்கு எத்தனை ஆல்டர், சொல்லாமல் லீவு போடுபவர் எத்தனை பேர், புதிதாகச் சேர்ந்தவர்களில் முதல் மாதத்திலேயே நின்றவர் எத்தனை பேர், ஸ்டைல் மாறும்போது புது ஆர்டரின் முதல் நல்ல பீஸ் வர எத்தனை மணி நேரம், மூன்று வேலை தெரிந்த டெய்லர்கள் லைனில் எத்தனை பேர். எங்கள் பார்வையில் முதல் மாதத்தில் நின்றவர் கணக்குத்தான் அதிகம் பேசும். சம்பளம் எல்லா லைனிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு லைனில் புது ஆள் தங்குகிறார், இன்னொன்றில் தங்கவில்லை என்றால் காரணம் அந்த லைனுக்குள்ளேதான் இருக்கிறது.

எழுதி வைப்பது இதில் ஒரு பகுதி. மும்பை அருகே உள்ள ஜவுளி ஆலைகளில் பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் 2008 முதல் நடத்திய சோதனையில், ஆலோசகர்கள் மாதக்கணக்கில் தளத்திலேயே இருந்து நிர்வாக முறைகளைச் சீர்செய்தபோது முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. ஆண்டுகள் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அந்த முறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தது. மேனேஜர் மாறியது அதற்கு ஒரு காரணம். ஒரே ஆளின் தலையில் இருப்பது அந்த ஆளோடு போய்விடும். வேலைப் பிரிப்புத் தாள்கள், பலகைக் கணக்கு, யாருக்கு என்ன வேலை தெரியும் என்ற அட்டவணை மூன்றும் லைனிலேயே தொங்க வேண்டும்.

பன்னிரண்டு வாரம் முடிந்தும் ஒருவருக்கு இந்த வேலை ஒத்துவரவில்லை என்றால், பழைய மிஷினும் பழைய ரேட்டும் அவருக்குக் காத்திருக்க வேண்டும். இதைத் தொடங்கும் நாளிலேயே லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்: "மூணு மாசம் பழகிப் பாக்கிறாங்க. ஒத்துவரலைன்னா மிஷினுக்கே வந்துடுவாங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல." இந்த வார்த்தை இல்லாமல் தோற்றவர், வெட்கத்தில் வேலையையே விட்டுப் போவார். சூப்பர்வைசரும் கிடைக்கவில்லை, நல்ல டெய்லரும் போய்விட்டார் என்ற நிலை அப்படித்தான் வருகிறது.

சீசன் உச்சத்தில், நாளைக் காலை லைனுக்கு ஆளே இல்லை என்ற நெருக்கடியில் இருப்பவர்களுக்கு: இப்போதைக்குப் பக்கத்து லைன் சூப்பர்வைசரிடம் இரண்டு லைனையும் கொடுத்து, ஒவ்வொரு லைனிலும் ஒரு டெய்லரை அவருக்கு உதவியாகப் போடுங்கள். திறன் சில நாள் குறையும், தாங்கிக்கொள்ளலாம். அந்த உதவி ஆட்கள் இருவருக்கும் அன்றே 13 வாரச் சராசரிச் சம்பளத்தை உறுதி செய்து, முதல் வாரப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். ஆர்டர் முடிவதற்குள் ஒருவர் தயாராகிவிடுவார். மற்றவர், அடுத்து வேலையை விட்டு நிற்கப்போகும் சூப்பர்வைசரின் இடத்துக்கு.